திறந்து கிடந்த அரண்மனைக் கதவு

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பேரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் பேர் வேண்டாம். அந்த நாட்டில் ஒரு விநோதமான வழக்கம். புது ராஜா பட்டத்துக்கு வந்ததும் கோயில் மண்டபத்தில் இருக்கும் செப்புக் குடத்துக்குள் கையை விட்டு ஓர் ஓலையை எடுப்பார். குடம் நிறையப் பழம்பாட்டுகள். கையில் எந்தப் பாட்டு வருகிறதோ, அதன் பொருளை நாட்டில் நடத்திக் காட்ட வேண்டும். அதையும் முதலில் அரண்மனையில்தான் தொடங்க வேண்டும். இதற்குப் பாட்டேற்பு என்று பேர்.

நம் கதை ராஜாவின் பாட்டனார் கைக்கு நிழலைப் பற்றிய பாட்டு வந்தது. சாலையெல்லாம் மரம் வைத்தார். தகப்பனார் கைக்கு நீரைப் பற்றிய பாட்டு வந்தது. முதல் கூடை மண்ணைத் தம் தலையில் சுமந்து ஏரி வெட்டினார். அடுத்தபடி பட்டத்துக்கு வந்தவர் மணிமகுடராஜன். மூத்தவரான அண்ணன் ஒருவர் இருக்க, அவரைக் காட்டுக்கு விரட்டிவிட்டு ஏறிய பட்டம் அது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்களே, இவருக்குப் படுக்கையிலேயே பயம். எலி ஓடினாலும் அண்ணன் வந்துவிட்டான் என்று எழுந்து உட்காருவார். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

அவர் கைக்கு வந்த பாட்டு இது:

ஆடாது நிற்கும் அகலின் சுடர்நாக்கு;
ஓடாது தூங்கும் குளத்துநீர், நாடெங்கும்
காற்றும் அயரும், கதவம் திறந்துறங்கும்
மாற்றறியாச் சாந்தி இது.

ராஜாவுக்கு முகம் மலர்ந்தது. பொருள் சொல்லத் தலைமைப் புலவர் விருத்தகிரியை அழைத்தார். சொற்களுக்குப் பொருள் கூறும் நிகண்டு முழுவதையும் தலைகீழாக ஒப்பிப்பவர் இந்தப் புலவர். சர்க்கரை என்று சொல்லக் கேட்டிருக்கிறார், நக்கிப் பார்த்ததில்லை. அந்த மாதிரிப் படிப்பு. அவர் பாட்டைச் சொல் சொல்லாகப் பிய்த்து வைத்தார். சுடர் ஆடக் கூடாது என்றால் விசிறி கூடாது, ஓட்டம் கூடாது. நீர் ஓடக் கூடாது என்றால் குளத்தில் யாரும் குடத்தைப் போட்டு அலைக்கக் கூடாது. காற்றே அயர்கிறது என்றால் மனிதர் இரைவது எப்படி? கதவு உறங்கும் என்றால் கதவுகூடக் கிறீச்சிடக் கூடாது. கீலுக்கு எண்ணெய் விட வேண்டும். ஆக மொத்தம் அசைவும் ஓசையும் இல்லாததே சாந்தி என்று முடித்தார்.

ஓசையே இல்லாத நாடு. எலிக்குப் பயப்படும் ராஜாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உடனே ஆணை பிறந்தது. ஓசை எழுப்பியவர் எவராயினும், போரடிக்கும் மாட்டுக்குக் கட்டுவார்களே, அந்த வாய்க்கூடையை வாயில் கட்டி நிலவறையில் தள்ளுவது. ஆணையைத் தமுக்கு அடித்துச் சொல்ல முடியாதல்லவா? வீடு வீடாகப் போய்க் காதில் சொன்னார்கள்.

அன்றிலிருந்து ஊர் ஊராக இல்லை. கோயில் மணியின் நாக்கைத் துணியால் சுற்றினார்கள். மாட்டுக் கழுத்து மணிக்குள் கந்தையை அடைத்தார்கள். குளம்புகளுக்கு வைக்கோல் புரி கட்டினார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் அப்பளம் நொறுங்கிய சப்தம் தெருவுக்குக் கேட்டுவிட்டது. அந்த வரிசை முழுவதும் இலையை விட்டு எழுந்து நேரே நிலவறைக்குப் போயிற்று. பாயசம் ஆறிப்போயிற்று. இதைக் கேட்டு இப்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை. சிரித்தாலும் வாய்க்கூடைதான்.

அந்த ஊரில் சிரிக்க வைத்தே சோறு தின்ற ஒருவன் இருந்தான். அவன்தான் அரண்மனை விகடன் இடும்பன். ராஜா சிரிக்கும்போதெல்லாம் வயிறெரிந்தவர் புலவர். ராத்திரி பகலாக ஓதின தமக்குக் கிடைத்த அதே சால்வை, வாயைக் கோணிக் காட்டினவனுக்கும் கிடைத்ததே என்ற ஆற்றாமை. இப்போது இடும்பன் சபையில் தூணோடு தூணாக நின்றான். புலவர் அவனைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்துக்கொள்வார்.

இடும்பனுக்கு வேலை போனது பெரிய கவலையில்லை. மனைவி இறந்த பிறகு அவனுக்கென்று இருந்தவள் ஒரே மகள் வஞ்சிக்கொடி. தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். அவளைக் கொண்டுவந்து விட்ட மாப்பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு தும்மல் தும்மினான். ஒரே தும்மல்தான். செருப்பு வாசலிலேயே கிடந்தது. மாப்பிள்ளை நிலவறையில் கிடந்தான். அங்கே போனவர் எவரும் இதுவரை திரும்பவில்லை.

ஒரு நாள் விடியும்போது வஞ்சிக்கு இடுப்பு வலி கண்டது. மருத்துவச்சி செல்லாயி வந்தாள். வந்தவள் முதலில் செய்த வேலை, கதவைத் தாழிட்டுச் சந்துபொந்தெல்லாம் பழந்துணியை அடைத்தது. அடுத்தது, ஒரு துணியைச் சுருட்டி வஞ்சியின் பல்லிடுக்கில் கொடுத்தது. வலி வரும்போது பெண் அந்தத் துணியைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. சத்தம் வரவில்லை. பெற்றவனுக்கு அது சத்தத்தைவிடக் கொடுமையாக இருந்தது.

செல்லாயி அவனை மூலைக்கு இழுத்துப்போய்க் காதில் சொன்னாள்: "உச்சி சாயறதுக்குள்ள ஆயிடும். தாய் பல்லக் கடிச்சுப் பொறுத்துக்குவா. புள்ளைக்கு என்ன பதில் சொல்றது? பொறந்ததும் அது அழுவணும். அழுவலேன்னா மூச்சு நிக்கும். அழுதா..." அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. வாய்க்கூடை என்று இடும்பன் தன் மனசுக்குள் முடித்துக்கொண்டான். கன்றுக்குட்டிக்குப் பின்னுகிற சின்ன வாய்க்கூடையும் உண்டு; அதை அவன் சேவகர் இடுப்பில் பார்த்திருக்கிறான்.

வலி விட்ட நேரத்தில் வஞ்சி துணியை எடுத்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "அப்பா, கதவக் கொஞ்சம் தொறங்க. மூச்சு முட்டுது."

இடும்பன் போய்த் தாழ்ப்பாளில் கையை வைத்தான். இழுக்கக் கை வரவில்லை. திறந்தால் தெருவில் காவல். அவன் வீடு மட்டுமில்லை. தெரு முழுக்கப் பகலிலேயே கதவடைத்துக் கிடந்தது. தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றவனுக்குப் பாட்டு நினைவுக்கு வந்தது. கதவம் திறந்துறங்கும். சாந்தியுள்ள ஊரில் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவார்கள் என்றல்லவா பாடியிருக்கிறான் அந்தப் புண்ணியவான்? புலவர் உறங்குவதைப் பிடித்துக்கொண்டார், திறந்ததை விட்டுவிட்டார். இடும்பன் தாழ்ப்பாளை விட்டான். மகளின் நெற்றியைத் தொட்டுவிட்டு, பின்வாசல் வழியாக அரண்மனைக்குப் புறப்பட்டான். போகிற வழியில் அரண்மனைக் கொட்டில் பக்கம் ஒரு கட்டு அகத்திக்கீரை கிடந்தது. அதை எடுத்து மேல்துண்டுக்குள் சுருட்டிக்கொண்டான். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

சபை கூடியிருந்தது. எல்லாரும் பஞ்சு சுற்றிய பாதரட்சையோடு வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விருத்தகிரிப் புலவர் எழுந்து, பாட்டின் பொருள் நாட்டில் முற்றும் நிறைந்துவிட்டது, இனி ராஜா கோயிலில் அதை அறிவிக்கலாம் என்று கிசுகிசுத்தார். பிறகு தொண்டையைக் கனைக்கப் போய், நினைவு வந்து அடக்கிக்கொண்டார்.

"மன்னர் மன்னா, ஒரே ஒரு வீட்டில் மட்டும் குறை நேரும் போலிருக்கிறது. விகடன் மகள் பிள்ளைப்பேற்றில் இருக்கிறாளாம். தாயும் சேயும் ஆணையை மீறினால் பாட்டு பழுதாகும். இடும்பன் இப்போதே சபையில் உறுதி கூறட்டும்" என்றார்.

ராஜா இடும்பனைப் பார்த்தார். அந்தக் கண்ணில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. தூக்கமில்லாத எரிச்சல் மட்டும் இருந்தது. உன் வீட்டில் ஓசை எழுமா, எழாதா என்று கேட்டார். எழாது என்றால் பொய். எழும் என்றால் சேவகர் இப்போதே புறப்படுவார்கள். தலைக்கு மேல் வெள்ளம் வந்தாயிற்று, இனிச் சாண் என்ன முழம் என்ன என்று இடும்பன் துணிந்து கையைக் கூப்பினான்.

"மகாராஜா, ஆணை ஆணைதான். ஆனால் பாட்டு இன்னும் நிறையவில்லை. ஒரு சொல் பாக்கி இருக்கிறது. கதவம் திறந்துறங்கும் என்று இருக்கிறதே, அதில் திறந்து என்ற சொல் நடக்கவில்லை" என்றான்.

அது செய்யுளை நிரப்ப வந்த சொல், அதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை என்று புலவர் கையை வீசினார். வீசிய வேகத்தில் பக்கத்து விளக்கின் சுடர் ஆடியது. சபை முழுவதும் அந்தச் சுடரைப் பார்த்தது. புலவர் கையைச் சட்டென்று மடக்கிக்கொண்டார்.

"நிகண்டில் திறந்து என்பதற்கு என்ன பொருள் என்று புலவரே திருவாய் மலரட்டும்" என்றான் இடும்பன்.

புலவர் இப்படியும் அப்படியும் பார்த்தார். "திறந்து என்றால் திறந்துதான்" என்றார் கடைசியில்.

"அப்படியானால், மகாராஜா, பாட்டேற்பின் வழக்கப்படி முதலில் நடக்க வேண்டிய இடம் அரண்மனை. பெரிய மகாராஜா முதல் கூடை மண்ணைத் தாமே சுமந்தார். இன்று மதியம் தாங்கள் பள்ளியறைக் கதவைத் திறந்துபோட்டு, காவல் இல்லாமல் ஓர் உறக்கம் உறங்கி எழ வேண்டும். காவலர் நடந்தால் அது அசைவு. அது பாட்டுக்கு ஆகாது."

ராஜாவின் முகம் வெளிறியது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஆசைதான். ஆனால் பாட்டேற்பை மறுத்த ராஜா அந்த நாட்டில் ஒரு நாளும் ராஜாவாக இருந்ததில்லை. அதுவும் அண்ணனுடைய பட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் மறுக்கலாமா? அவர் இடும்பனை அருகே அழைத்தார்.

"உறங்குகிறேன். நீ தூணோரம் உட்கார்ந்திரு. எனக்கு ஒரு தீங்கு நேர்ந்தால் முதலில் விழுவது உன் தலை. ஒன்றும் நேராமல் நான் உறங்கி எழுந்தேனானால், உன் வீட்டில் எழும் முதல் ஓசைக்குத் தாயும் சேயும் நிலவறைக்குப் போவார்கள். சம்மதமா?"

சம்மதம் என்று இடும்பன் தலையாட்டினான். வேறு என்ன செய்வான்?

மதியம் வந்தது. அரண்மனையின் பெரிய கதவு, கொட்டில் கதவு முதல் பள்ளியறைக் கதவு வரை எல்லாக் கதவும் திறந்தன. காவலர்கள் கோட்டைக்கு வெளியே போனார்கள். புலவரும் மற்றவர்களும் கூடத்தின் கோடியில் உட்கார வைக்கப்பட்டார்கள். இடும்பன் கட்டிலுக்கு விரிப்பு விரிப்பதுபோல் குனிந்து, கால்மாட்டில் எதையோ வைத்துவிட்டு வந்து தூணோரம் குந்தினான்.

ராஜா கதவைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்தார். பிறகு மறுபக்கம் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் கதவு இருப்பது பொறுக்காமல் மீண்டும் திரும்பினார். ஊரில் ஒரு சத்தம் இல்லை. குயவன் சக்கரம் இல்லை, குழந்தை அழுகை இல்லை, காக்கைகூட எங்கோ போய்விட்டது. முன்பெல்லாம் எலி ஓடினால் அது எலியென்று சற்றுப் பொறுத்தாவது தெரியும். இப்போது ஒன்றுமே கேட்கவில்லை. ஒன்றும் கேட்காத இடத்தில் எதுவும் வரலாம். ஊரைச் சுடுகாடாக்கி அதன் நடுவில் கட்டில் போட்டால் எவனுக்குத் தூக்கம் வரும்?

இடும்பன் காது தன் வீட்டுப் பக்கமே இருந்தது. உச்சி சாய்ந்துகொண்டிருந்தது. இந்நேரம் பிறந்திருக்குமோ? பிறந்து அழாமல் போயிற்றோ? சாமி, அது அழட்டும் என்று ஒரு தடவையும், இப்போது அழ வேண்டாம் என்று மறு தடவையும் வேண்டிக்கொண்டான். எந்தச் சாமிக்கும் இப்படி ஒரு வேண்டுதல் வந்திருக்காது.

ராஜா கடைசியில் களைத்துக் கண்ணை மூடினார். உறங்கவில்லை, மூடினார், அவ்வளவுதான். அப்போது வாசலில் ஒரு நிழல் விழுந்தது. இடும்பன் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. நிழல் உள்ளே வந்தது. காலடி கேட்கவில்லை. கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து நின்றது. சூடான மூச்சொன்று ராஜாவின் பாதத்தில் பட்டது. அடுத்து ஈரமாக, சொரசொரப்பாக ஏதோ ஒன்று உள்ளங்காலைத் தடவியது.

"அண்ணா! என்னை விட்டுவிடு அண்ணா!"

அரண்மனை முழுக்க எதிரொலித்தது அந்த அலறல். கோட்டைக்கு வெளியே நின்ற காவலர்களுக்கும் கேட்டது. அதற்கு அப்பால் கதவடைத்துக் கிடந்த தெருக்களுக்கும் கேட்டது. ராஜா கட்டிலின் தலைமாட்டில் ஏறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினார். கால்மாட்டில் அரண்மனைக் கன்றுக்குட்டி நின்றது. கழுத்து மணியில் கந்தை, குளம்பில் வைக்கோல் புரி. அது விரிப்பின் அடியிலிருந்து அகத்திக்கீரையை உருவி, நிதானமாக அசை போட்டது.

கூடத்திலிருந்து ஓடிவந்தவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். ராஜா கன்றைப் பார்த்தார். கீரையைப் பார்த்தார். பிறகு இடும்பனைப் பார்த்தார். இடும்பன் தூணோரத்திலிருந்து எழுந்து வந்தான். சேவகர்கள் அந்தத் தூணில் மாட்டி வைத்துவிட்டுப் போயிருந்த வாய்க்கூடை ஒன்று அவன் இரண்டு கையிலும் இருந்தது. தட்டில் வெற்றிலை பாக்கு நீட்டுவதுபோல் அதை ராஜாவின் முன் நீட்டினான்.

"மகாராஜா, ஓசை எழுப்பியவர் எவராயினும் என்பது ஆணை" என்றான்.

அவனை அங்கேயே வெட்டிப் போடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான். ராஜா கூடையை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இறங்கி வந்து, கன்றின் கழுத்து மணியிலிருந்து கந்தையைத் தம் விரலாலேயே பிடுங்கினார். கன்று தலையை ஆட்ட, மணி கிணுகிணுவென்றது.

"இது ஒலித்திருந்தால், வருவது கன்றென்று தெரிந்திருக்கும்" என்றார் மெல்ல. பிறகு புலவரிடம் திரும்பினார். "விருத்தகிரியாரே, கதவைத் திறந்துபோட்டு உறங்குகிறவன் எப்படிப்பட்டவன்? அதற்கு உம் நிகண்டு என்ன சொல்கிறது?"

வாய்க்கூடை கட்டாமலே புலவரின் வாய் மூடியிருந்தது. அதைப் பார்த்ததும் ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் வந்தது. பிறகு வயிற்றிலிருந்து வந்தது. கடைசியில் கண்ணீரும் சேர்ந்து வந்தது. அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அழுகை என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் கேட்டது. திறந்து கிடந்த கதவுகள் அத்தனையையும் தாண்டி, ஊர்ப் பக்கமிருந்து, மெல்லியதாக ஒரு குழந்தையின் அழுகை. வீல் வீலென்று, யாருடைய ஆணையும் தெரியாத அழுகை. இடும்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எல்லாரும் ராஜாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

ராஜா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"யார் வீட்டுப் பிள்ளை?"

"என் மகள் பிள்ளை, மகாராஜா" என்றான் இடும்பன்.

"நல்ல குரல்" என்றார் ராஜா. "கதவை மூடாதீர்கள்."

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலவறை திறந்தது. அப்பளப் பந்தி முழுவதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தது. மாப்பிள்ளை வாசலில் கிடந்த செருப்பைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குள் ஓடினான். ஆணை ரத்து என்று தெருத்தெருவாகத் தமுக்கடித்துச் சொல்லும் வேலை விருத்தகிரிப் புலவருக்குக் கிடைத்தது. பலமாக அடிக்கச் சொல்லி உத்தரவு. காட்டுக்கு ஓர் ஆள் போனான், மூத்தவருக்கும் அரண்மனைக் கதவு திறந்திருக்கிறது என்று சொல்ல. இடும்பனுக்குச் சால்வையும் பொற்கிழியும் கிடைத்தன. பிறந்தது பெண். அவள் இடுப்புக்கு ராஜா ஒரு பொன்மணி அனுப்பினார், நடக்கும்போதெல்லாம் கிணுகிணுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அதெல்லாம் மறுநாள். அன்று மதியம் குழந்தையின் அழுகையைக் கேட்டுக்கொண்டே ராஜா மறுபடியும் படுத்தார். பக்கத்தில் கன்று மணியாட்டிக்கொண்டு கீரை தின்றது. கொஞ்ச நேரத்தில் குறட்டை கிளம்பியது. அது கோட்டை தாண்டி, தெரு தாண்டி இடும்பன் வீடு வரைக்கும் கேட்டது. வஞ்சிக்கொடி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அப்போதுதான் வீடு வந்து சேர்ந்த அப்பனிடம் அது என்ன சத்தமென்று கேட்டாள்.

"மகாராஜா பாட்டுக்குப் பொருள் சொல்றாரும்மா" என்று சொல்லிவிட்டு, இடும்பன் வாசற்கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்து வைத்தான்.